முட்டத்தில் ஒரு வீடு பார்த்தோம்

ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. "கடலோரம் வீடு வாங்கப் போறேன்னு சொல்லிட்டிருந்தீங்களே, என்ன ஆச்சுங்க?" என்று ஈரோட்டில் பார்க்கிற பத்துப் பேரில் நாலு பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கடலோரத்தில் இடம் பார்க்கிறவர்களுக்கும் உபயோகப்படும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை மேல் எனக்கு ஆசை வந்தது சுற்றுலா போய் அல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அந்தப் பக்கம் கடந்தது. மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டங்களில் இருந்து மின்வாரிய ஆட்களை அனுப்பினார்கள். ஈரோட்டில் இருந்து போன குழுவில் நானும் ஒருவன். அப்போது ஃபோர்மேன். பன்னிரண்டு நாள் அங்கே இருந்தேன்.

ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஒரே பக்கம் தலை சாய்த்துக் கிடந்ததையும், வாழைத் தோட்டம் மிதித்த பாய் மாதிரி படுத்திருந்ததையும் இன்னும் மறக்கவில்லை. ஆனால் கடலோர ஊர்களில் மரத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. சர்ச் வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போவோம். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, ஒரு தெருவுக்கு லைன் கொடுத்தோம். விளக்கு எரிந்ததும் வயதான ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "லைட்டு வந்துட்டு மக்ளே, இனி அவனும் வந்துருவான்" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. பிறகும் கேட்கவில்லை.

அந்த ஊர்க்காரர்கள்தான் எங்களுக்குக் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். வேலை முடிந்து ஒரு நாள் சாயங்காலம் முட்டம் கலங்கரை விளக்கம் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். வேலை ஓய்ந்த பிறகு வருடத்தில் பாதி நாளாவது இங்கே இருக்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. ஏழு வருடம் அந்த எண்ணம் போகவே இல்லை.

இந்தப் பிப்ரவரியில் நானும் வீட்டுக்காரியும் இரவு ரயிலில் கிளம்பி நாகர்கோவில் போய் இறங்கினோம். ஐந்து நாள் இடம் பார்ப்பது என்று திட்டம். ராஜாக்கமங்கலம் துறையில் இருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கரையோரமாகவே போனோம். பஸ், ஆட்டோ, சில இடத்தில் நடை.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கரை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. முட்டத்தில் பாறை கடலுக்குள் நீண்டு நிற்கிறது; பின்னால் தேரி என்கிற செம்மணல் மேடு, மழை அறுத்த ஓடைகளோடு சிவப்பாகக் கிடக்கும். ஒரே இடத்தில் நின்று சிவப்பு மண்ணையும் நீலக் கடலையும் பார்க்கலாம். அங்கிருந்து மேற்கே கடியப்பட்டணத்தைத் தாண்டினால் மணவாளக்குறிச்சி. கரை மணல் கறுப்பாக மின்னும். அந்த மணலில் இல்மனைட், மோனசைட் மாதிரி கனிமங்கள் இருப்பதால் மத்திய அரசு நிறுவனம் ஒன்று அங்கே மணல் பிரித்து எடுக்கிறது. அடுத்து மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில், மாசிக் கொடைத் திருவிழாவுக்குக் கேரளத்தில் இருந்தும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அதற்கும் அப்பால் குளச்சல். 1741-ல் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்த இடம். நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. குளச்சலுக்கு மேற்கே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீனவ ஊர், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெரிய சர்ச். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேர்கிறது. தென்னை, ஆறு, கடல் மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

மூன்றாவது நாள்தான் முட்டத்துக்குப் பக்கத்தில் அந்த வீட்டைக் காட்டினார்கள். ஊர் நெருக்கத்தை விட்டுத் தள்ளி, ஒன்பது சென்ட், ஐந்து தென்னை, ஒரு கிணறு, இரண்டு அறை உள்ள பழைய தார்சு வீடு. திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே கடல்தான். அன்றைக்குக் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அகலமாக மணல். மணலில் வள்ளங்களை ஏற்றி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரி திண்ணையை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. 38 லட்சம் சொன்னார்கள். தரகர், "சார், இந்தப் பழைய வீட்டை இடிச்சுப் போட்டு மாடி வச்சுக் கட்டுங்க. முன்னாடி மணல் வரைக்கும் காம்பவுண்டு எடுத்துக்கிடலாம், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

நான் முப்பத்து நாலு வருடம் லைன் வேலை பார்த்தவன். ஓர் இடத்துக்குப் போனால் முதலில் கம்பத்தைத்தான் பார்ப்பேன். அந்தத் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் ஐம்பது மீட்டர் சுமாராக இருந்தது. அந்த இடைவெளியை ஸ்பான் என்போம். கடைசிக் கம்பம் வீட்டு கேட் பக்கத்தில். அங்கிருந்து அலை வந்து திரும்புகிற ஈரக் கோடு வரை காலால் அளந்து நடந்தேன். ஒன்றேகால் ஸ்பான். அறுபது மீட்டர், மிஞ்சினால் அறுபத்தைந்து.

இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், கடலோரத்தில் கட்டுவதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-ல் வந்தது. 2011-லும் 2019-லும் புதிதாக எழுதினார்கள். 2011 அறிவிக்கைப்படி, நகரமாகாத கிராமப்புறக் கரையில் உயர் அலைக் கோட்டில் இருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கட்டக் கூடாது. அனுமதியோடு ஏற்கெனவே நிற்கிற வீட்டைப் பழுது பார்க்கலாம், பெரிதாக்க முடியாது. அங்கேயே பிழைக்கிற மீனவர்களுக்கு 100 முதல் 200 மீட்டருக்குள் வீடு கட்டத் தனி வழி உண்டு. அது அவர்களுக்கு, நமக்கு இல்லை. 2019 அறிவிக்கையில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கிற கிராமப்புறத்தில் அந்த 200-ஐ 50 ஆகக் குறைத்தார்கள். ஆனால் அந்தக் கணக்குப்படி மாநிலம் வரைபடம் போட்டு ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அது செல்லும். தரகர்கள் "இப்ப ஐம்பது மீட்டர்தான் சார்" என்று மட்டும் சொல்வார்கள். எந்த ஊருக்கு, எந்த வரைபடத்தில் என்று கேட்க வேண்டும். உயர் அலைக் கோடு நாம் காலால் அளக்கிற ஈரக் கோடும் இல்லை. அரசு வரைபடத்தில் குறித்த கோடு. பெரும்பாலும் அது நாம் நினைப்பதைவிட வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

பத்திர விஷயம் எங்கேயும் போலத்தான். அங்கே சிலர் ஆதாரம் என்கிறார்கள், நாம் கிரயப் பத்திரம் என்கிறோம். பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, சர்வே எண்ணோடு நிலத்தின் எல்லையும் அளவும் காட்டுகிற புலப்படம் மூன்றையும் வாங்கி ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். இங்கே புலப்படத்தில் ஒன்பது சென்ட் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தரகர் "காம்பவுண்டு எடுத்துக்கிடலாம்" என்ற மணல் முழுக்கப் புறம்போக்கு. அந்த மணலில்தான் வலை காயப் போடுகிறார்கள், வள்ளம் ஏற்றுகிறார்கள், நெத்திலி உலர்த்துகிறார்கள். அதை வளைத்துச் சுவர் எடுக்கலாம் என்று எனக்குச் சொன்னவர் மேல் அன்று எனக்குக் கோபமே வந்தது. யாரும் கேட்க மாட்டார்கள் என்பது எவ்வளவு பெரிய பொய். கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

சட்டம் இருக்கட்டும். அந்த வீடே என்னிடம் வேறொன்று சொன்னது.

வெளிச் சுவரில் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சன்ஷேடுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பாக்கெட்டில் இருந்த சாவியை விட்டு லேசாக நெம்பினேன். உள்ளங்கை அளவு காங்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து, ஒரு பக்கம் பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தது. உப்புக் காற்று காங்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு பிடித்த இரும்பு பருக்கும், பருத்தால் மேலே இருக்கிற காங்கிரீட்டை வெளியே தள்ளும். கடலோர மின்கம்பங்களில் இதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மீட்டர் பெட்டியைத் திறந்தேன். திருகாணி எல்லாம் பச்சை பூத்திருந்தது. வயரை மாற்றலாம், பெட்டியை மாற்றலாம். கூரைக்குள் ஓடுகிற கம்பியை என்ன செய்வது?

கடலோரத்தில் கம்பத்தில் மின்கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர் மேல் உப்பு படியும். மழை வந்தால் கழுவிவிடும். மழையில்லாத மாதத்தில் விடியற்காலைப் பனி இறங்கி அந்த உப்பை நனைத்தால், கரண்டு பீங்கான் மேலேயே ஊர்ந்து கம்பத்துக்கு வரும், லைன் ட்ரிப் ஆகிக் கரண்டு நின்றுவிடும். அதனால் அங்கே வேலை பார்க்கிற லைன்மேன்களுக்கு உள்நாட்டில் இல்லாத ஒரு வேலை கூடுதலாக உண்டு, அந்த உப்பைத் துடைப்பது. 2017-ல் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் குளச்சல் பக்கத்து லைன்மேன் ஒருவர். கடலைப் பார்த்து வீடு வாங்குகிறவர் ஃபிரிட்ஜ், ஏ.சி., கேட், கிரில் எல்லாவற்றுக்கும் உள்நாட்டில் ஆகிற செலவு இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இது என் அனுபவக் கணக்கு.

கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குடித்துப் பார்த்தோம். கடலில் இருந்து இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நல்ல தண்ணீரா என்று வீட்டுக்காரிக்கு ஆச்சரியம். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், "வாளி போட்டுக் கோருங்கோ, நல்லாத்தான் இருக்கும். மோட்டாரு போட்டா ரெண்டே மாசத்துல உப்பு ஏறிடும்" என்றார். மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கிறது. மெதுவாக எடுத்தால் நல்லதே வரும்; மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கிறது மேலே வரும். மாடி வீடு, இரண்டு குளியலறை, வந்து தங்குகிற பிள்ளைகள் என்று நாங்கள் போட்ட திட்டம் எதையும் அந்தக் கிணறு தாங்காது.

அந்த அக்காதான் கடைசியில் ஒன்று கேட்டார்: "நீங்க ஆனி ஆடியில வந்து பாத்தியளா?"

பார்க்கவில்லை. அட்வான்ஸ் எதுவும் கொடுக்காமல், ஜூனில் வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினோம். தரகருக்கு வருத்தம். வேறு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் மூன்றாவது வாரம் மறுபடி போனோம். முட்டம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சத்தம் கேட்டது. தூரத்தில் லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல். அந்த வீட்டுக்கு நடந்தோம். பிப்ரவரியில் பார்த்த மணல் இல்லை. ஒரு பிடிகூட இல்லை. வள்ளங்களைத் தெருவுக்குள் ஏற்றி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தென்னையில் கட்டியிருந்தார்கள். ஐந்து தென்னையில் கடல் பக்கத்து மரம் வேர் தெரிய நின்றது. அலை அடித்து மேலே எழும்பும்போது திண்ணை நனைந்தது. பிப்ரவரியில் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்த அதே இடம். முகத்தைத் துடைத்து நாக்கில் வைத்தால் உப்பு.

தென்மேற்குப் பருவத்தில் இந்தக் கரையில் அலை மணலை வாரிக்கொண்டு போகும், காற்று மாறிய பிறகு மெல்லக் கொண்டு வந்து போடும். வருடா வருடம் நடப்பதுதான். எடுத்தது முழுவதையும் எல்லா இடத்திலும் திருப்பிப் போடுவதில்லை என்பதுதான் கவலை. அலையை உடைக்கக் கல்லைக் கொட்டி "தூண்டில் வளைவு" போடுகிறார்கள். வளைவின் ஒரு பக்கம் மணல் சேர்கிறது, மறு பக்கத்து ஊரில் மணல் குறைகிறது. அடுத்து அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்க வேண்டியிருக்கிறது. மேற்கே வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கமெல்லாம் கடலோர ரோட்டையே கடல் தின்றிருக்கிறது. அவர்களுக்கு வேறு போக்கு இல்லை. கடலை விட்டுத் தள்ளிப் போனால் தொழில் இல்லை. எனக்குப் போக்கு இருக்கிறது. போக்கு இருக்கிற ஒருவன் காசைக் கொடுத்து அந்த இடத்தில் போய் உட்காருவதும், அதனால் அங்கே சென்ட் விலை ஏறி, ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு சென்ட் வாங்க முடியாமல் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் திண்ணையையே பார்த்துக்கொண்டு, "மணல் வந்ததும் வந்து பாத்துட்டுப் போலாங்க, வாங்க வேண்டாம்" என்றாள்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பருவ மாதத்தில் மட்டும் ஆபத்து என்று இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. திடீரென்று பெரிய அலை ஏறும். எங்கேயோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்வது அது. கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் அலையில் சிக்கி இறந்து போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்த சமயம் அது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து அன்றைய எச்சரிக்கையைப் பாருங்கள். அதைவிட, கரையில் நிற்கிற மீனவர் ஒருவரிடம் "இறங்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அந்த ஜூன் பயணத்தில் மீதி இரண்டு நாளை உள்ளே தள்ளி வீடு பார்ப்பதில் கழித்தோம். முட்டத்தில் இருந்து வடக்கே வெள்ளிச்சந்தைப் பக்கம் போனால் கடல் சத்தம் இல்லை. தோப்பு, குளம், வாழை. ஒரு ஆசிரியர் குடும்பம் மாடியை வாடகைக்கு விடுவதாக டீக்கடையில் சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். சன்ஷேடு அடியில் நெம்பிப் பார்க்க வெடிப்பு எதுவும் இல்லை. மீட்டர் பெட்டித் திருகாணி பளிச்சென்று இருந்தது. கிணற்றில் மோட்டார் பல வருடமாக ஓடுகிறது. மாதம் 6,000 வாடகை, ஆறு மாத அட்வான்ஸ். அந்த வீட்டம்மா எங்களுக்கு மட்டிப் பழம் கொடுத்தார். விரல் நீளம்தான், ஆனால் அந்த மணமும் இனிப்பும் எங்கள் பக்கத்துக் கதலியில் இல்லை. "கடலுக்குப் போகணும்னா காலையில அஞ்சரைக்கு பஸ் உண்டு அண்ணாச்சி, மீனு வாங்கிட்டு ஏழரை மணிக்குத் திரும்பிடலாம்" என்றார். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அந்த ஐந்தரை பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஒரே மாவட்டத்தில் கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஒரு தடை, மேற்குப் பக்கம் வேறு தடை. அன்றைக்கு அலை கொஞ்சம் அடங்கியிருந்ததால் நாலைந்து வள்ளங்கள் மட்டும் போய் வந்திருந்தன. சாளையும் கொஞ்சம் நெத்திலியும். கரையில் கொட்டி ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்த பெண்கள் குண்டானில் அள்ளித் தலையில் வைத்து நான் வந்த பஸ்ஸுக்கே ஓடினார்கள். அதில் ஒருவர் கண்டக்டரிடம் சொல்லி எனக்கு சீட் பிடித்துக் கொடுத்தார். நூறு ரூபாய்க்கு அவரிடமே சாளை வாங்கினேன். தேங்காய் அரைத்துக் குழம்பு வைக்கிற விதத்தை மாடிக்குக் கீழே இருக்கிற வீட்டம்மாதான் சொல்லிக் கொடுத்தார். புளிக்குப் பதிலாக மாங்காய் போடச் சொன்னார்.

ஆடி பிறந்த பிறகு வீட்டுச் சாமான்களை ஏற்ற வேண்டாம் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அதனால் ஆவணியில்தான் குடி போகிறோம். ஆனால் ஜூலை 31 இரவு நான் மட்டும் அங்கே இருப்பேன். தடை முடிந்து நள்ளிரவில் விசைப்படகுகள் விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கிளம்பும் என்று அந்த வீட்டம்மா சொன்னார். முட்டம் பாறை மேல் நின்று பார்க்க டார்ச் லைட் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.